காது செத்துப் போகுமாம்ல!

போன வாரம் எங்கள் டிபார்ட்மென்ட் விழாவுக்கு ரிகர்சல். முதல் வருஷப் பையன் ஒருத்தன் கிடாரோடு வந்தான். வந்தவன் பாட்டுக்குப் பையிலிருந்து க்ளிப் ட்யூனரை எடுத்துக் கிடாரின் தலையில் மாட்டினான். கொடியில் துணிக்குப் போடும் க்ளிப் மாதிரி இருக்குமே, அதேதான். ஒவ்வொரு கம்பியாகத் தட்டினான். ஸ்கிரீன் பச்சையானதும் அடுத்த கம்பி. ரெண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

பக்கத்தில் பழைய மாணவர் அண்ணன் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். காலேஜ் நாளில் பேண்ட் வைத்திருந்தவர், இப்போது பேங்க் வேலை. அவர் சிரித்துக்கொண்டே, "என்ன தம்பி, ஆக்சிஜன் சிலிண்டரா? இதை மாட்டிப் பழகினா காது செத்துப் போயிடும்டா. எங்க காலத்துல எல்லாம் காதுதான்" என்றார்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. பரீட்சை ஹாலில் பிட்டோடு மாட்டினவன் மாதிரி சட்டென்று க்ளிப்பைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

எனக்கு வந்தது பாருங்கள் ஒரு கடுப்பு... ஆனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. சீனியர், அதுவும் விழாவுக்கு ஸ்பான்சர் பிடித்துத் தருகிறவர். அதனால் இங்கே கொட்டித் தீர்த்துவிடுகிறேன்.

இந்த "காது செத்துடும்" டயலாக்கை நான் கேட்பது முதல் முறை இல்லை. கிடார் கிளாஸ் மாஸ்டர்கள் சொல்வார்கள், கிடார் விற்கிற கடைக்காரர் சொல்வார், கிடாரைத் தொட்டே பார்க்காத மெஸ் அண்ணன்கூடச் சொல்வார். கேட்க என்னவோ பெரிய தத்துவம் மாதிரிதான் இருக்கும். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததோடு நின்றால் பரவாயில்லை, ஆளையும் கெடுக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் இந்த க்ளிப் என்னதான் செய்கிறது? கம்பியைத் தட்டினால் கிடாரின் மரமும் சேர்ந்து அதிர்கிறது. க்ளிப்புக்குள் இருக்கும் பீசோ சென்சார் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. உள்ளே இருக்கும் சில்லு, வினாடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணி, இந்த ஸ்வரம், இவ்வளவு கீழே, இவ்வளவு மேலே என்று காட்டுகிறது. மரத்திலிருந்தே கேட்பதால் பக்கத்தில் ட்ரம்ஸ் அடித்தாலும் அதற்குக் கவலையில்லை. போனில் இருக்கிற ட்யூனர் ஆப்பும் நல்லதுதான், ஆனால் அது மைக் வழியாகக் கேட்கிறது. எங்கள் ஹாஸ்டல் ஃபேன் போடுகிற சத்தத்தில் அதற்குப் பைத்தியமே பிடித்துவிடும்.

கிடாரின் ஆறு கம்பிகளுக்கும் கணக்கு இருக்கிறது. தடித்த கம்பி 'இ' 82.41 ஹெர்ட்ஸ், அடுத்து 'ஏ' 110, 'டி' 146.83, 'ஜி' 196, 'பி' 246.94, மெல்லிய 'இ' 329.63. பிசகை அளக்க 'செண்ட்' என்று ஓர் அளவு. நம் ஊரில் நூறு செண்ட் ஒரு ஏக்கர் இல்லையா, இங்கே நூறு செண்ட் சேர்ந்தால் ஒரு அரை ஸ்வரம். ஒரு முழு ஸ்தாயிக்கு 1200 செண்ட். நிலத்தில் நாலு செண்ட் வேலி தள்ளிப் போட்டால் வெட்டுக்குத்து வரை போகிற ஊரில், சுருதியில் முப்பது செண்ட் தள்ளி வாசித்துவிட்டு "ஃபீல்தான் முக்கியம் மச்சி" என்கிறார்கள் :-)

சரி, இவர்கள் "காதால டியூன் பண்றோம்" என்கிறார்களே, நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? தொண்ணூறு சதம் பேர் செய்வது அஞ்சாம் ஃப்ரெட் வித்தை. ஆறாவது கம்பியை அஞ்சாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் 'ஏ' வரும். அதோடு அஞ்சாவது கம்பியைச் சேர்ப்பது. அஞ்சாவதை அழுத்தி நாலாவது. நாலாவதை அழுத்தி மூணாவது. மூணாவதை மட்டும் நாலாம் ஃப்ரெட்டில் அழுத்தி ரெண்டாவது. அப்புறம் மறுபடி அஞ்சாம் ஃப்ரெட்டில் முதலாவது. படிக்கும்போதே தெரிந்திருக்குமே, இது பி.காம். பசங்களுக்கு ரொம்பப் பரிச்சயமான வியாதி. முதல் பக்கத்தில் கூட்டலில் ஒரு தப்பு, அதைக் 'கேரி ஃபார்வர்ட்' செய்து அடுத்த பக்கம், அங்கே ஒரு தப்பு, அதையும் சேர்த்து அதற்கடுத்த பக்கம். ஒவ்வொரு கம்பிக்கும் மூணே மூணு செண்ட் ஒரே பக்கமாகப் பிசகினாலும் கடைசிக் கம்பிக்கு வரும்போது பதினைந்து செண்ட். புதுசாகப் பழகுகிறவன் இரும்புப் பிடியாக அழுத்துவான், அழுத்தினால் கம்பி இழுபட்டு சுருதி ஏறும். கம்பி உயரமாக இருக்கிற மலிவுக் கிடாரில் இன்னும் கூடுதலாக ஏறும். அப்போது மூணு செண்டோடு நிற்குமா?

இதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. ஆறாவது கம்பி சரியாக இருக்கிறது என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. கேஷ் புக்கைச் சரிபார்க்க அதே கேஷ் புக்கை எடுத்துவைத்துக்கொள்வது மாதிரிதான். அதற்குத்தானே ஐயா பேங்க் ஸ்டேட்மென்ட்டை வாங்கி ரெகன்சிலியேஷன் போடச் சொல்லி முதல் வருஷத்திலிருந்து உயிரை எடுக்கிறார்கள்! வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். அன்றைக்கு ரிகர்சலில் நடந்ததும் அதுதான். அண்ணன் பையனின் கிடாரை வாங்கி, ஸ்டைலாகக் கண்ணை மூடி, காதாலேயே 'சரி' செய்து கொடுத்தார். தனியாக வாசித்தபோது கேட்க நன்றாகத்தான் இருந்தது. கீபோர்டு சேர்ந்தது, அவ்வளவுதான், நாய் ஊளை. கம்பிகள் தங்களுக்குள் ஒற்றுமையாக இருந்தன, ஆனால் மொத்தமாகக் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தன. கீபோர்டு என்ன, கிடாருக்காகக் குனியுமா?

இன்னொரு கோஷ்டி உண்டு, அவர்கள் ஹார்மோனிக்ஸ் பார்ட்டி. அஞ்சாம் ஃப்ரெட்டுக்கு மேலேயும் ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேலேயும் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மணி மாதிரி ஒலி வரவழைப்பார்கள். இரண்டு மணியும் அலையில்லாமல் ஒன்றாகச் சேர்ந்தால் டியூன் ஆயிற்று என்பார்கள். பார்க்க அழகு, கேட்க அதைவிட அழகு. ஆனால் கணக்கு உதைக்கிறது. ஏழாம் ஃப்ரெட் ஹார்மோனிக்ஸில் வருகிற பஞ்சமம் இயற்கையான, சுத்தமான பஞ்சமம், 702 செண்ட். கிடாரின் ஃப்ரெட் அடித்திருப்பதோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டிய கணக்கில், அதில் பஞ்சமம் 700 செண்ட். வித்தியாசம் ரெண்டே ரெண்டு செண்ட்தானே என்று கேட்கலாம். தடித்த 'இ'யிலிருந்து இப்படியே போனால் 'ஏ' ரெண்டு செண்ட் இறங்கும், 'டி' நாலு, 'ஜி' ஆறு. ரெண்டாவது கம்பி 'பி'யை வழக்கமாக ஆறாவது கம்பியின் ஏழாம் ஃப்ரெட் மணியோடு சேர்ப்பார்கள், அது ரெண்டு செண்ட் ஏறும். இப்போது ஜி-க்கும் பி-க்கும் நடுவில் எட்டு செண்ட் அதிகப்படி. ஜி கார்டு வாசித்தால் அந்த இரண்டு கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் திறந்து நின்று கத்தும். தேர்ந்த காது உள்ளவர்தான் இந்த முறையைப் பிசகில்லாமல் செய்ய முடியும், பிசகில்லாமல் செய்தால்தான் இந்தப் பிசகு வரும். என்னத்தைச் சொல்ல!

அப்புறம் அந்தப் பரிசுத்தமான "எங்க காலம்". ட்யூனிங் ஃபோர்க் என்கிற இரும்புக் கவையை இங்கிலாந்தில் ஜான் ஷோர் என்கிற ட்ரம்பெட்காரர் கண்டுபிடித்தது 1711இல். முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஆட்கள் வெளியிலிருந்து ஒரு சாமானை வைத்துத்தான் சுருதி சேர்க்கிறார்கள். சுழலும் தட்டைப் பார்த்துச் சுருதி அறியும் ஸ்ட்ரோப் கருவியை கான் கம்பெனி 1936இல் விற்றது. கையில் அடங்குகிற முள் ட்யூனரை கோர்க் 1975இல் கொண்டுவந்தது. அண்ணன் பிறந்ததே அதற்கு ரொம்பப் பிற்பாடு. ஃபோர்க்கைத் தட்டினால் ஞானம், க்ளிப்பை மாட்டினால் சிலிண்டரா?

இன்னொன்று. 440 ஹெர்ட்ஸ்தான் 'ஏ' என்பது இயற்கை இல்லை. அது கமிட்டி போட்டு முடிவு செய்த சமாச்சாரம். பிரான்ஸ் 1859இல் 435 என்று சட்டம் போட்டது. 1939இல் லண்டனில் கூடி 440 என்றார்கள். 1955இல் ஐ.எஸ்.ஓ. அதையே பரிந்துரைத்து, 1975இல் மறுபடி உறுதி செய்தது. நம்ம அக்கவுண்டிங் ஸ்டாண்டர்ட் மாதிரிதான். கமிட்டி போட்ட நம்பரை ஒருத்தன் பிறவி ஞானத்தால் காதிலேயே கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ஏ.எஸ்-2வையும் தியானத்தில் உட்கார்ந்து கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

நிற்க. காது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காது வேண்டும், ரொம்பவே வேண்டும். கேள்வி, அந்தக் காது எப்படி வளர்கிறது என்பதுதான்.

நம் ஊர்ப் பாட்டு கிளாஸைப் பாருங்கள். ஆறு வயசுப் பிள்ளையை முதல் நாளே "இந்தாம்மா தம்புரா, நீயே சுருதி சேர்த்துக்கோ" என்று எந்த டீச்சராவது சொல்வாரா? டீச்சர் சேர்த்து வைப்பார். இப்போதெல்லாம் எலக்ட்ரானிக் தம்புராவைப் போட்டுவிடுவார், போனில்கூட ஓடவிடுவார். சரியான சுருதி பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் உட்கார்ந்து பிள்ளை "ச... ப... ச" என்று பாடும். நாலு வருஷம் அதிலேயே ஊறினபிறகு சுருதி விலகினால் பிள்ளைக்கே பல் கூசும். காது அப்படித்தான் வருகிறது. முதலில் சரியான ஒலி, பிறகு அதைப் பிரித்தறிகிற காது. அந்த மெஷினைப் போட்டதால் பாட்டு கிளாஸ் பிள்ளைகளுக்குக் காது செத்துவிட்டது என்று நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை.

கிடார் கிளாஸில் மட்டும் தலைகீழ். சரியான சுருதி எப்படி இருக்கும் என்றே தெரியாதவனிடம் சுருதி சேர்க்கச் சொல்கிறோம். அவன் தப்பாகச் சேர்க்கிறான். அந்தத் தப்பிலேயே தினம் ரெண்டு மணி நேரம் பயிற்சி செய்கிறான். காது பழகத்தான் செய்கிறது, தப்புக்குப் பழகுகிறது. மூணு மாசம் கழித்து "உனக்குக் காது இல்லப்பா" என்று தீர்ப்பு எழுதுகிறோம்.

இப்போது அந்தக் கிடார் கதை. ரிகர்சலில் அந்தப் பையன் கொண்டுவந்த கிடாரை எனக்குத் தெரியும். பின்பக்கம் ஒட்டியிருக்கும் புலி ஸ்டிக்கரைத் தெரியும். மூணு வருஷம் முன்னால் அது என் கிளாஸ்மேட்டுடையது. ஊர் மணப்பாறை, ஹாஸ்டலில் பெயரும் 'மணப்பாறை'தான். அவன் அம்மா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிக் கொடுத்தது. அவன் வீட்டில் யாரும் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வருமே அந்தக் கிடார் பாட்டு, அதை வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. 1982இல் வந்த படம், இன்றைக்கும் நம் ஊரில் கிடார் வாங்குகிற பாதிப் பேர் அதற்காகத்தான் வாங்குகிறான்.

சனி, ஞாயிறு கிளாஸுக்குப் போனான். ட்யூனர் வாங்கலாமா என்று கேட்டதற்கு மாஸ்டர், "அதெல்லாம் ஷார்ட்கட், காதால பழகு" என்று சொல்லிவிட்டார். ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து முறுக்குவான், தட்டுவான், முறுக்குவான். ஒரு கார்டுகூட நன்றாக ஒலிக்காது. பக்கத்து ரூமிலிருந்து கத்துவார்கள்.

நானும் கத்தினேன். என் வீட்டில் அக்கா எட்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டாள். சாயங்காலமானால் சுருதிப் பெட்டி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும் வீடு. அதனால் கேட்டதும் எனக்கு அபஸ்வரம் தெரிந்துவிடும். அது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சொன்னேன், "மணப்பாறைக்காரனுக்கு முறுக்கத் தெரியலையேடா!" செம சிரிப்பு. அவனும் சிரித்தான். ரெண்டு வாரத்தில் கிளாஸை நிறுத்திவிட்டான். மாஸ்டர், "கீபோர்டு ட்ரை பண்ணு, அதுக்கு டியூனிங் வேண்டாம்" என்றாராம். கிடார் ஒரு வருஷம் கட்டிலுக்கடியில் கிடந்தது. பிறகு ஒரு ஜூனியருக்குப் போனது, அவனிடமிருந்து இந்தப் பையனுக்கு.

அண்ணன் கிளம்பியதும் பையனிடம் சொல்லி க்ளிப்பை மறுபடி மாட்டச் சொன்னேன். எல்லாக் கம்பியும் பச்சை. கார்டு வாசித்தான், என்னவோ உறுத்தியது. ரெண்டாவது கம்பியைத் திறந்து தட்டினேன், 'பி', பச்சை. அதையே முதல் ஃப்ரெட்டில் அழுத்தித் தட்டினேன். 'சி' வர வேண்டும். 'சி'தான் வந்தது, ஆனால் இருபது செண்ட் மேலே. அதாவது நட் பள்ளம் சரியாக வெட்டப்படாமல் கம்பி அங்கே உயரமாக நிற்கிறது, அழுத்தும்போதெல்லாம் இழுபடுகிறது. சி கார்டு, ஏ மைனர் கார்டு ரெண்டுக்கும் அந்த இடத்தில்தான் விரல் வைக்க வேண்டும். அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி திறந்து தட்டினால் அதே கம்பி முப்பது செண்ட் கீழே. கம்பியை முறுக்குகிற கீயின் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூ லூஸ். முறுக்க முறுக்கப் பின்னால் நழுவிக்கொண்டே இருந்திருக்கிறது. மூணு வருஷமாக!

தான்சேனே வந்து உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கிடாரில் தோற்றுத்தான் போயிருப்பார். மூணு வருஷம் முன்னால் ஒரு க்ளிப் இருந்திருந்தால், தப்பு ஆளிடம் இல்லை, சாமானில் இருக்கிறது என்று ஒரே ராத்திரியில் தெரிந்திருக்கும். சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

"காது", "ஞானம்" என்று பேசுகிறவர்கள் யார் என்று கவனித்தால் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள்தான். வீட்டில் ரேடியோவோ பாட்டு கிளாஸோ சர்ச் கொயரோ ஏதோ ஒன்று காதைச் சும்மா வளர்த்துக் கொடுத்திருக்கும். அப்பா வைத்த முதலில் கடை நடத்திக்கொண்டு, சொந்த உழைப்பு என்று பேட்டி கொடுக்கிற மாதிரி. முதல் இல்லாதவனுக்கு அந்தக் க்ளிப்தான் லோன். அதையும் அசிங்கம் என்று சொல்லிப் பிடுங்கினால் அவன் எங்கே போவான்?

ட்யூனர் பக்கத்திலும் குறை உண்டு, மறைக்க விரும்பவில்லை. நம் ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை அல்லவா, பச்சை விளக்கும் அப்படித்தான். மேலே சொன்ன நட் கோளாறைத் திறந்த கம்பியின் பச்சை காட்டாது, அழுத்தித் தட்டிப் பார்க்க வேண்டும். 440 என்று இருக்க வேண்டியது பையில் பட்டன் அமுங்கி 442 ஆகிவிடும், எல்லாம் பச்சையாகவே இருக்கும், கீபோர்டோடு எட்டு செண்ட் இடிக்கும். கம்பியைத் தட்டிய உடனே முள் கொஞ்சம் மேலே போய்த்தான் இறங்கும், அது நிதானிக்கும் வரை காத்திருக்க வேண்டும். மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டுத் திரும்பக் கீழிருந்து மேலே ஏற்றி நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பல்சக்கரத்தின் தொய்வு நாலாவது நிமிஷம் காலை வாரும். வெயிலிலிருந்து ஏசி ஹாலுக்குள் போனால் கம்பி சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்குச் சூட்டில் இறங்கும். எங்கள் திருச்சி வெயிலுக்கு இது தினசரிப் பிரச்சினை. வாசிக்கப் போகிற இடத்தில் போய்த்தான் சேர்க்க வேண்டும்.

காது வளர க்ளிப்பையே வாத்தியாராக வைத்துக்கொள்ளலாம். இதை நான் அந்தப் பையனுக்குச் செய்து காட்டினேன். அஞ்சாவது கம்பியைப் பச்சையில் நிறுத்து. ஆறாவதை அஞ்சாம் ஃப்ரெட்டில் மெதுவாக அழுத்தி இரண்டையும் சேர்த்துத் தட்டு. "வா... வா... வா..." என்று ஓர் அலை வருகிறதா? இரண்டுக்கும் வினாடிக்கு எத்தனை அதிர்வு வித்தியாசமோ அத்தனை அலை. ஆறாவதை மெல்ல முறுக்கு, அலை நீளும், நீண்டு நீண்டு நின்றுபோகும். நின்ற இடத்தில் க்ளிப்பைப் பார், நீ எவ்வளவு தள்ளி என்று அது சொல்லும். 110 ஹெர்ட்ஸில் அஞ்சு செண்ட் பிசகு என்பது 0.32 ஹெர்ட்ஸ்தான், ஓர் அலை முடிய மூணு வினாடி ஆகும். அதற்குள் கம்பியின் சத்தமே தேய்ந்துவிடும். இதைக் காதால் பிடிக்க மாசக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பதில் பின்பக்கம் இருக்கிற கணக்குப் புத்தகம் மாதிரி பழகலாம், பதிலே இல்லாத புத்தகத்தில் எத்தனை கணக்கு போட்டு என்ன?

பையன் நாலு தடவை முயற்சி செய்தான். மூணு தடவை பத்துப் பன்னிரண்டு செண்ட் தள்ளி. நாலாவது தடவை நாலு செண்ட். அவன் முகத்தை அண்ணன் பார்த்திருக்க வேண்டும்.

மின்விசிறி ரெகுலேட்டருக்கு வைத்திருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தக் கீயை இறுக்கிக் கொடுத்துவிட்டு, நேராக மணப்பாறை ரூமுக்குப் போனேன். காஸ்டிங் கணக்கு போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். நட், ஸ்க்ரூ, முப்பது செண்ட், எல்லாம். மெஸ்ஸில் சொன்ன அந்த ஜோக்கைப் பற்றியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், சரியாக வரவில்லை.

"அட, அதையெல்லாம் இன்னுமா ஞாபகம் வச்சிருக்க?" என்றான். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த ஸ்க்ரூவை டைட் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

"நட்டு?"

"கடையில குடுக்கணும். சொல்லியிருக்கேன்."

"சீக்கிரம் குடுக்கச் சொல்லுடா" என்று சொல்லிவிட்டுக் கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொண்டான்.